பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமை



பழைமையான நம் பள்ளிகளில், தலைமையாசிரியர் அறையின் அலமாரியில் தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்றைக் காணலாம். ஆய்வாளர் வந்த நாள், வெள்ளத்தால் பள்ளி மூடப்பட்ட நாள், புதிய ஆசிரியர் பணியேற்ற நாள் எனப் பள்ளியின் நடப்புகள் அதில் தேதி வாரியாக எழுதப்பட்டிருக்கும். 'லாக் புக்' என்றே அதனை அழைப்பார்கள். இவ்வழக்கத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கு 1862ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்திய கல்வி விதிகள், அரசு மானியம் பெறும் பள்ளிகளின் முதன்மை ஆசிரியர் இத்தகைய பதிவேடு ஒன்றை எழுதிவர வேண்டும் எனக் கட்டளையிட்டன. நடந்ததை மட்டுமே எழுத வேண்டும். பொதுவான கருத்துகளையோ சிந்தனைகளையோ எழுதக் கூடாது என்பதும் அவ்விதிகளில் ஒன்று. மாணவர் வருகையையும் ஆய்வாளர் நடத்தும் தேர்வின் முடிவையும் பொறுத்தே பள்ளிக்கு மானியம் கிடைத்த காலம் அது. எழுதியவர் ஆசிரியர், படித்துத் தீர்ப்பிட்டவர் ஆய்வாளர்.

கணினிகளும் இவ்வாறே தம் நடப்புகளைத் தாமே எழுதிக்கொள்கின்றன. அதற்கும் 'லாக்' என்றே பெயர். தமிழில் நிகழ்வுப் பதிவு எனலாம். இன்று உலகின் ஒரு மூலையில் இருக்கும் கணினியின் நிகழ்வுப் பதிவை மறு மூலையில் இருந்துகொண்டு இணைய முகவரி ஒன்றின் வழியாகக் கேட்டுப் பெற முடியும். இதற்கு உதவும் வாயிலைத்தான் 'வலை ஏபிஐ' என்கிறார்கள். இவ்வாயில் எவ்வாறு உருவாயிற்று, அது திறந்தபோதும் திறக்காதபோதும் என்ன நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். தொழில்நுட்பச் செய்தியாக இது தோன்றலாம். ஆயினும் இதன் இறுதிப் பகுதி, கணக்கு எழுதியதற்காகச் சிறை சென்ற மனிதர்களைப் பற்றியது. ஆதலால் பெற்றோர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மரத்துண்டிலிருந்து வந்த சொல்

லாக் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மரத்துண்டு என்பது பொருள். பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய மரத்துண்டு ஒன்றைக் கடலில் வீசுவார்கள். துண்டு விழுந்த இடத்திலேயே மிதக்கும். கப்பல் முன்னே செல்லும். கயிறு அவிழ்ந்து ஓடும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகையில் மணல் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணுவார்கள். 1574ஆம் ஆண்டு வில்லியம் போர்ன் என்பவர் எழுதிய கடற்பயண நூலில் இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது. கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்', அதாவது முடிச்சு, என்னும் அலகால் சொல்வது இதனால்தான். மரத்துண்டால் அளந்ததைக் குறித்து வைத்த புத்தகம் லாக் புக் ஆயிற்று. பிறகு காற்று, வானிலை, நோய், இறப்பு என்று கப்பலில் நடந்தவை யாவும் அதில் ஏறின.

தொடக்கக் காலக் கணினிகளுக்கும் மனிதரே கையால் பதிவேடு எழுதினர். 1947 செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான மார்க் 2 கணினியின் மின்சுவிட்சில் விட்டில்பூச்சி ஒன்று சிக்கியது. அதனை எடுத்துப் பதிவேட்டிலேயே ஒட்டி, பூச்சி கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிகழ்வு இதுவே என்று நகைச்சுவையாக எழுதி வைத்தார்கள். அப்பக்கம் இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பூச்சியைக் கண்டுபிடித்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் என்று பல பாடநூல்கள் சொல்கின்றன. அது சரியன்று. அவர் இக்கதையைப் பலருக்கும் எடுத்துச் சொல்லிப் புகழ்பெறச் செய்தவர். மாணவர்களுக்குச் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்லலாம்.

கணினி தானே எழுதத் தொடங்கியது

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். கணினிகளுக்கிடையே அஞ்சல்களைக் கொண்டு சேர்க்கும் மென்பொருள் அது. எந்த அஞ்சல் எங்கே போயிற்று, எது தவறிற்று என்பதை எழுதி வைக்க ஒரு துணை நிரல் தேவைப்பட்டது. அவர் அதற்காக எழுதியதே 'சிஸ்லாக்'. ஒரு மென்பொருளுக்காகப் பிறந்த இந்தத் துணை நிரல் நாளடைவில் யுனிக்ஸ் குடும்பத்துக் கணினிகள் அனைத்துக்கும் பொதுவான எழுத்தராக ஆகிவிட்டது.

சிஸ்லாக் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தரம் இடும். 0 என்றால் கணினியே பயன்படாத நெருக்கடி. 7 என்றால் நிரலாளருக்கு மட்டும் வேண்டிய சிறு குறிப்பு. இந்த எட்டுத் தரங்கள் இன்றுவரை மாறவில்லை. இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு கணினி தன் பதிவை வலைப்பின்னல் வழியாக மற்றொரு கணினிக்கு அனுப்பி வைக்கலாம். ஆனால் அனுப்பிய முறை அஞ்சலட்டையைப் போன்றது. போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் இல்லை. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். அதைவிட வியப்பான குறை ஒன்று உண்டு. பழைய சிஸ்லாக் வரிகளில் மாதம், நாள், நேரம் ஆகியன இருக்கும், ஆண்டு இருக்காது! வரலாறு கற்பிக்கும் எவரும் இதனை மன்னிக்கமாட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதப்படாத மரபாகவே நிலவிய இம்முறையை 2001ஆம் ஆண்டில்தான் ஓர் ஆவணமாக எழுதி வைத்தனர். ஆண்டும் நேர மண்டலமும் சேர்ந்த புதிய வடிவம் 2009ஆம் ஆண்டு வந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் என்டி இயங்குதளத்திலும் நிகழ்வுப் பதிவேடு இருந்தது. இயங்குதளம், பாதுகாப்பு, செயலிகள் என மூன்று ஏடுகளாக அதனைப் பிரித்திருந்தனர். நம் கணினிக் கூடங்களில் உள்ள விண்டோஸ் கணினிகளில் 'ஈவென்ட் வியூவர்' என்னும் நிரலைத் திறந்து பார்த்தால் இம்மூன்றையும் இன்றும் காணலாம்.

எழுபத்தைந்து காசு

நிகழ்வுப் பதிவின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு வானியலாளர். கிளிஃபர்ட் ஸ்டோல் என்னும் அவர் 1986ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நிருவாகியாகப் பணியாற்றினார். அக்காலத்தில் கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரிடமும் பயன்படுத்திய நேரத்திற்குக் கட்டணம் கணக்கிடுவர். ஆய்வகத்தில் இரண்டு கணக்குமுறைகள் தனித்தனியே இயங்கின. ஒரு மாதம் இரண்டுக்கும் இடையே 75 அமெரிக்கக் காசு வேறுபாடு வந்தது. காரணத்தைக் கண்டறியுமாறு புதிதாக வந்த ஸ்டோலிடம் சொன்னார்கள்.

வேறுபாடு சிறியது என்று அவர் விட்டுவிடவில்லை. தொடர்ந்து தேடியபோது, எவரோ ஒருவர் தொலைபேசி இணைப்பு வழியாக ஆய்வகக் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து இராணுவக் கணினிகளுக்குத் தாவுகிறார் என்பது தெரிந்தது. நுழைந்தவர் கணினியில் முழு அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்தார். ஆகவே, தாம் வந்துபோன தடத்தைப் பதிவேட்டிலிருந்து அழித்துவிடவும் அவரால் முடியும். ஸ்டோல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வார இறுதியில் ஆய்வகத்தில் ஆளில்லாத மேசைகளில் இருந்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் இரவல் வாங்கி வந்து, உள்ளே வரும் ஐம்பது இணைப்புகளிலும் பொருத்தினார். நுழைந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சாயிற்று. கணினிக்குள் இருப்பதை அழிக்கலாம். தாளில் இருப்பதை எங்கோ இருந்துகொண்டு அழிக்க முடியாது. இறுதியில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்பவர் பிடிபட்டார். திருடிய தகவல்களைச் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்றுவந்த குழுவைச் சேர்ந்தவர் அவர். 1990ஆம் ஆண்டு ஜெர்மன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

பதிவேடு யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர் கைக்கு எட்டாத இடத்தில் அது இருக்க வேண்டும் என்னும் நெறியைக் கணினித் துறை இந்நிகழ்விலிருந்து கற்றுக்கொண்டது. இந்நெறி சரியானதே. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அது அவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்ளப்படவில்லை.

இரும்புப் பெட்டிக்குள் ஒரு காவலாளி

1990களில் வழங்கிக் கணினிகள் (சர்வர் என்பவை) நூற்றுக்கணக்கில் ஒரே கட்டடத்தில் அடுக்கப்பட்டன. ஒன்று நின்றுபோனால், அதன் பதிவேடும் அதனுடனே உறங்கிவிடும். மின்விசிறி பழுதானதா, வெப்பம் ஏறியதா என்று அறிய ஒருவர் நேரில் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். இதற்குத் தீர்வாக, முதன்மைக் கணினி அணைந்திருந்தாலும் விழித்திருக்கும் சிறிய கணினி ஒன்றைத் தாய்ப்பலகையிலேயே பொருத்தினர். இண்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து 1998ஆம் ஆண்டு 'ஐபிஎம்ஐ' என்னும் பொது விதியை வெளியிட்டன. அச்சிறு கணினி தன் குறிப்பேட்டை எவ்வாறு எழுத வேண்டும் என்பதையும் அது வகுத்தது. ஒரு நிகழ்வுக்கு 16 பைட்டுகள் மட்டுமே. நம் மொழியில் பத்துச் சொல் எழுதவும் அந்த இடம் போதாது. எந்த உணரி, என்ன மாற்றம், எந்த நேரம் என்பவற்றை எண்களாகச் சுருக்கி எழுதும். அந்த எண்களுக்குப் பொருள் சொல்லத் தனிக் கருவி வேண்டும். கருவிகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. பாதுகாப்பும் தளர்வாக இருந்தது. ஐபிஎம்ஐ-இன் கடவுச்சொல் முறையில் உள்ள பெருங்குறைகளைப் பாதுகாப்பு ஆய்வாளர் டேன் ஃபார்மர் 2013ஆம் ஆண்டு விரிவாக எடுத்துக்காட்டினார்.

இதற்கிடையில் வலையுலகில் வேறொரு சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் ராய் ஃபீல்டிங் என்பவர் தம் முனைவர்பட்ட ஆய்வேட்டில் 'ரெஸ்ட்' எனும் கட்டமைப்பை விளக்கினார். இதன் சாரம் எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி. அம்முகவரியிடம் கேட்பதற்கும் மாற்றச் சொல்வதற்கும் நீக்கச் சொல்வதற்கும் சில பொதுவான வினைச்சொற்கள். 'கெட்' என்னும் வினை, கொடு எனக் கேட்பது. இந்த வினையால் கேட்கப்படும் பொருள் மாறக் கூடாது என்பது வலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பதிவேட்டைப் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறு வேண்டுமோ?

இவ்விரண்டு ஓடைகளும் 2015 ஆகஸ்டில் ஒன்றாயின. கணினித் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான டிஎம்டிஎஃப், 'ரெட்ஃபிஷ்' என்னும் புதிய தரத்தை வெளியிட்டது. வழங்கிக் கணினியின் உள்ளே விழித்திருக்கும் அச்சிறு கணினியை இனி வலை முகவரி வழியாகவே கேட்கலாம். விடையும் மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகளிலேயே வரும்.

கேட்கும் முறையை நம் பள்ளி அலுவலகத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். முதலில் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஒரு நுழைவுச்சீட்டைப் பெற வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் அச்சீட்டைக் காட்டினால் போதும். பிறகு முகவரி: ரெட்ஃபிஷ், சிஸ்டம்ஸ், இன்ன கணினி, லாக் சர்வீசஸ், இன்ன ஏடு, என்ட்ரீஸ் என்று சாய்கோடுகளுக்கு இடையே படிப்படியாக இறங்கும். இன்ன பள்ளி, இன்ன வகுப்பு, இன்ன பதிவேடு, அதன் வரிகள் என்று கேட்பதைப் போல. விடையாக வரும் ஒவ்வொரு வரியிலும் எழுதப்பட்ட நேரம் (ஆண்டும் சேர்த்துத்தான்!), கடுமையின் அளவு, செய்தி ஆகியன இருக்கும். வரிகள் மிகுதியாயின் முதல் பகுதி மட்டும் வரும்; அடுத்த பகுதிக்கான முகவரி அதன் கீழேயே குறிக்கப்பட்டிருக்கும். முதல் பகுதியை மட்டும் படித்துவிட்டு எல்லாம் படித்தாயிற்று என்று நினைக்கும் நிரலாளர்கள் உண்டு. வினாத்தாளின் மறுபக்கத்தைத் திருப்பாத மாணவரைப் போன்றவர்கள் அவர்கள்.

ஏடு நிரம்பினால் என்ன செய்வது என்பதையும் ரெட்ஃபிஷ் வெளிப்படையாகச் சொல்ல வைக்கிறது. பழைய வரிகளின் மேல் புதியவற்றை எழுதுவதா, அல்லது எழுதுவதை நிறுத்திவிடுவதா? முதலாவதில் தொடக்கம் தொலையும். இரண்டாவதில் முடிவு தொலையும். எது மேல் என்று எளிதில் சொல்ல இயலாது. ஏட்டைத் துடைத்துவிடுவதற்கும் தனிக் கட்டளை உண்டு. அதற்குப் படிப்பதைவிட உயர்ந்த அனுமதி வேண்டும்.

கேட்டது கிடைக்காதபோது வரும் எண்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. 401 என்றால், நீங்கள் யார் என்பது தெரியவில்லை என்று பொருள். 403 என்றால், நீங்கள் யாராயிருந்தாலும் சரி, உங்களுக்கு அனுமதி இல்லை என்று பொருள். முதலாவது ஒரு கடவுச்சொல்லால் தீர்ந்துவிடும். இரண்டாவது தொழில்நுட்பச் சிக்கலே அன்று. யாரோ ஒருவர் எடுத்த முடிவு அது. இதன்பின் நான் சொல்லப்போகும் இரண்டு நிகழ்வுகளும் இந்த 403இன் வரலாறுதான்.

பணம் கட்டியவருக்கே பதிவேடு

2023 சூன் மாதம், அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணினிப் பாதுகாப்புப் பிரிவினர் தங்கள் அஞ்சல் பதிவுகளில் வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் கண்டனர். மைக்ரோசாப்டின் மேகக் கணினிகளில் அவர்களின் அஞ்சல்பெட்டிகள் இருந்தன. எந்தச் செயலி எந்த அஞ்சலைத் திறந்தது என்பதைக் குறிக்கும் பதிவுகளை வலை ஏபிஐ வழியாகப் பெற்று அவர்கள் கவனித்து வந்தனர். அறிமுகமில்லாத ஒன்று அஞ்சல்களைத் திறந்துகொண்டிருந்தது. மைக்ரோசாப்டிடம் சொன்னார்கள். சீனாவைச் சார்ந்த ஊடுருவல் குழு ஒன்று, மைக்ரோசாப்டின் கையொப்பச் சாவி ஒன்றைக் கொண்டு உள்ளே நுழைந்திருந்தது தெரியவந்தது. 22 அமைப்புகளும் 500க்கும் மேற்பட்ட தனிமனிதர்களும் பாதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்க வணிக அமைச்சரின் அஞ்சல்பெட்டியும் அவற்றுள் ஒன்று. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் ஏறக்குறைய 60,000 அஞ்சல்கள் எடுக்கப்பட்டிருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த நுணுக்கமான பதிவு அப்போது எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைக்கவில்லை. உயர்விலைத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. வெளியுறவுத் துறை அதற்குப் பணம் கட்டியிருந்தது. கட்டாத பிறர், தங்கள் அஞ்சலை யார் திறந்தார்கள் என்று தேடிப் பார்க்கவும் வழியின்றி இருந்தனர். தம் வீட்டுக்குள் யார் வந்து போனார் என்னும் பதிவு, எழுதியது வீட்டை வாடகைக்கு விட்டவர், படிக்கத் தனிக்கட்டணம்! எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபின், 2023 சூலை 19ஆம் நாள், இப்பதிவுகளில் பலவற்றைக் கூடுதல் கட்டணமின்றி வழங்கவும் பொதுத் திட்டத்தில் 90 நாள் பாதுகாத்ததை 180 நாளாக உயர்த்தவும் போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. நிறுவனத்தின் அம்முடிவு வரவேற்கத்தக்கதே. ஆயினும் திருட்டு நடந்த பிறகே அது வந்தது.

அஞ்சலகப் பொறுப்பாளர்களின் கதை

இரண்டாவது நிகழ்வு இங்கிலாந்தில் நடந்தது. இங்கே கேட்டவர்கள் பொறியாளர்கள் அல்லர். சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் மளிகைக் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்திய எளிய மனிதர்கள்.

பிரித்தானிய அஞ்சலக நிறுவனம் 1999ஆம் ஆண்டு முதல் 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்குமுறையைத் தன் கிளைகளில் நிறுவியது. ஜப்பானின் ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான ஐசிஎல் அதனை உருவாக்கியது. அதன்பின், பல கிளைகளில் கல்லாவில் இருக்கும் பணத்திற்கும் திரையில் காட்டும் தொகைக்கும் பொருந்தாமல் போயிற்று. ஒப்பந்தப்படி குறைவைக் கிளைப் பொறுப்பாளரே ஈடுசெய்ய வேண்டும். சேமிப்பைக் கரைத்தனர், வீட்டை அடகு வைத்தனர், உறவினரிடம் கடன் வாங்கினர். இயலாதவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றச்சாட்டுகளுடன் நீதிமன்றத்தில் நின்றனர். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இவர்களுள் பெரும்பான்மையோர் மீது வழக்குத் தொடுத்தது காவல்துறை அன்று, அஞ்சலக நிறுவனமேதான்.

பிரிட்லிங்டன் நகரில் அஞ்சலகம் நடத்திய லீ காசில்டன், 2004ஆம் ஆண்டு கணக்குப் பொருந்தாமல் போனபோது உதவி எண்ணுக்கு 91 முறை அழைத்தார். பயனில்லை. 25,000 பவுனுக்கு மேற்பட்ட தொகையைக் கேட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் வைக்க வசதியின்றித் தாமே வாதாடினார். 2007ஆம் ஆண்டு தோற்றார். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாக 3,21,000 பவுன் செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. அவர் திவாலானார். வெஸ்ட் பைஃப்ளீட் என்னும் ஊரில் அஞ்சலகம் நடத்திய சீமா மிஸ்ரா 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். தண்டனை அறிவிக்கப்பட்ட நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாள்.

இவர்கள் அனைவரும் கேட்டது ஒன்றே: என் கிளையில் உண்மையில் என்ன நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். பதிவேடு இருந்தது. ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் உள்ளடக்கிய தணிக்கைப் பதிவுகள் ஃபுஜிட்சுவின் பாதுகாப்பில் இருந்தன. ஆனால் கிளைப் பொறுப்பாளர் அதனைக் கேட்க முடியாது. அவர் திரையில் காண்பதும் அச்சிடுவதும் சுருக்க அறிக்கை மட்டுமே. அஞ்சலக நிறுவனம் கேட்டால் ஃபுஜிட்சு எடுத்துத் தரும். அந்தக் கோரிக்கைகளுக்கும் ஒப்பந்தத்தில் ஆண்டு எல்லை இருந்தது. குற்றம் சாட்டுபவர் கையில் சாவி. குற்றம் சாட்டப்பட்டவருக்கு 403. ஸ்டோல் காலத்து நெறி இங்கே முழுமையாகப் பின்பற்றப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்: பதிவேடு யாரைப் பற்றிப் பேசியதோ அவர் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருந்தது. அழிக்க இயலாமல் வைப்பதும் படிக்க இயலாமல் வைப்பதும் வேறு வேறு என்பதை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு பதிவேடும் இருந்தது. ஹொரைசனில் கண்டறியப்பட்ட பிழைகளையும் அவற்றைச் சமாளிக்கும் முறைகளையும் ஃபுஜிட்சு பொறியாளர்கள் தங்களுக்காக எழுதி வந்த பிழைப் பதிவேடு அது. உங்களுக்கு மட்டும்தான் இப்படி நேர்கிறது என்று உதவி எண்ணில் சொல்லப்பட்டதாகப் பலர் சாட்சியம் அளித்திருக்கின்றனர். மறுபுறம், பிழைகள் அப்பதிவேட்டில் வரிசையாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தன.

சட்டமும் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. 1984ஆம் ஆண்டின் காவல், குற்றச் சான்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணினி தரும் சான்றை ஏற்பதற்கு முன், அக்கணினி சரியாக இயங்கியது என்பதைக் காட்ட வேண்டும் என்றது. இது நடைமுறைக்குச் சுமை எனக் கருதி 1999ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கியது. மாறாகச் சான்று காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது எனக் கொள்ளப்படும் என்னும் பழைய ஊகம் மீண்டது. ஹொரைசன் கிளைகளுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டுதான். மாறாகச் சான்று காட்ட வேண்டுமானால் பதிவேடு வேண்டும். பதிவேடோ எதிர்த்தரப்பிடம்.

வேல்ஸ் பகுதியின் லாண்டட்னோவில் அஞ்சலகம் நடத்தி, 2003ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை இழந்த ஆலன் பேட்ஸ் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களை ஒன்றுதிரட்டினார். 2009ஆம் ஆண்டு 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் முதன்முதலில் செய்தி வெளியிட்டது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில்தான் பிழைப் பதிவேடு நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கிளைக்குத் தெரியாமல் தொலைவிலிருந்தே ஃபுஜிட்சு ஊழியர்கள் கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடியும் என்பதும் உறுதியாயிற்று. அவ்வாறு முடியாது என்றே நிறுவனம் நெடுங்காலம் சொல்லி வந்தது. 2019 டிசம்பர் 16ஆம் நாள் நீதிபதி ஃப்ரேசர் அளித்த தீர்ப்பில், நிறுவனத்தின் நிலைப்பாட்டைப் பூமி தட்டையானது என்று சாதிப்பதற்கு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. சீமா மிஸ்ரா அவர்களில் ஒருவர். 2024 சனவரியில் இக்கதை தொலைக்காட்சித் தொடராக வெளிவந்து நாட்டையே உலுக்கிய பின்னர், எஞ்சியோரின் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் சட்டம் அவ்வாண்டு மே மாதம் நிறைவேறியது. பொது விசாரணைக்குத் தலைமை தாங்கிய சர் வின் வில்லியம்ஸ் 2025 சூலையில் வெளியிட்ட முதல் தொகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்கிறது.

நம் பள்ளிகளிலும் மாணவர் வருகையும் மதிப்பீடும் இன்று இணையத்தில்தான் பதியப்படுகின்றன. 'நான் பதிந்தேன், கணினி காட்டவில்லை' என்று ஓர் ஆசிரியர் சொன்னால், எந்த நேரத்தில் யார் என்ன பதிந்தார், பின்னர் யார் மாற்றினார் என்பதைச் சொல்லும் வரி வழங்கிக் கணினியில் எங்கோ இருக்கக்கூடும். அவ்வரியை அவரே கேட்டுப் பெறும் வாயில் இருக்கிறதா என்பதைப் புதிய செயலி ஒன்று பள்ளிக்கு வரும்போது கேட்டு வைப்பது நல்லது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கட்டணம் வசூலிக்கச் செயலி வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். விற்பவர்கள் இக்கேள்வியைப் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 69ஆம் பிரிவு நீங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2025 சனவரியில், கணினி சரியாகவே இயங்கியது என்னும் சட்ட ஊகத்தை மாற்ற வேண்டுமா என்று அந்நாட்டு நீதியமைச்சு துறை வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டது. குறுஞ்செய்தி, மூச்சுச்சோதனைக் கருவி போன்றவை தரும் எளிய சான்றுகளை ஒரு வகையாகவும், ஹொரைசன் போன்ற பெரிய மென்பொருள்கள் தரும் சான்றுகளை வேறு வகையாகவும் பிரிக்க இயலுமா என்பதும் அங்கு எழுப்பப்பட்ட வினாக்களில் ஒன்று.